இப்போது கேப் மட்டும், பிரிட்ஜ் அடுத்த வருடம்: இது சிக்கனமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் முடிந்துவிட்டது, கேப் போடச் சொல்கிறார் டாக்டர். அதற்கு முன்னால் இருந்த பல்லைப் போன வருடமே எடுத்தாயிற்று, இடம் காலியாகக் கிடக்கிறது. சேர்த்து மூன்று யூனிட் பிரிட்ஜாகப் போட்டுவிடலாம் என்கிறார். செலவு என் ஒன்றரை மாதச் சம்பளம். மூன்று மாதச் செலவுக்கு அவசர நிதி வைத்திருக்கிறேன். அதைத் தொடாமல் வட்டியில்லாத் தவணையில் போகலாமா? இல்லை, இப்போதைக்குக் கேப் மட்டும் போட்டுக்கொண்டு பிரிட்ஜை அடுத்த வருடம் பார்க்கலாமா?

பதில்: உங்கள் இரண்டாவது யோசனைதான் எனக்குக் கவலை தருகிறது. பிரிட்ஜ் என்றால் காலி இடத்துக்கு இரு பக்கமும் உள்ள பற்களைச் சீவி, அவற்றின் மேல் இரண்டு கேப், நடுவில் ஒரு செயற்கைப் பல், மூன்றையும் ஒரே துண்டாக லேபில் செய்து ஒட்டுவது. இப்போது தனிக் கேப் போட்டுவிட்டு அடுத்த வருடம் பிரிட்ஜுக்குப் போனால், அந்தக் கேப்பை அறுத்து எடுத்துவிட்டுத்தான் புதிதாகச் செய்தாக வேண்டும், ஒரே பல்லுக்கு இரண்டு தடவை காசு. அதனால் காலி இடத்தை எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

அதற்காகக் கேப்பையும் தள்ளிப்போடாதீர்கள். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லில் மிச்சமிருக்கும் சுவர் மெல்லியது, மெல்லும் அழுத்தத்தில் வேர் வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும். ரூட் கெனாலுக்குக் கொடுத்த பணமும் போய், காலி இடமும் இரண்டாகிவிடும்.

சரி, பிரிட்ஜா, இல்லை தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் வைக்கும் இம்பிளான்ட்டா? பின்பல்லுக்கு எப்படியும் கேப் வேண்டும், அதனால் மூன்று யூனிட்டில் ஒன்று தவிர்க்க முடியாத செலவு. காலி இடத்துக்கு முன்பக்கம் உள்ள பல்தான் விஷயம். அதில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங் இருந்தால் பிரிட்ஜ் நியாயமான வழி. சொத்தையே இல்லாத நல்ல பல் என்றால் நான் தயங்குவேன், ஏனென்றால் சீவிய எனாமல் திரும்ப வளராது. இன்னொன்று, நன்றாகப் பராமரித்தால் பிரிட்ஜ் பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும், ஆனால் தாங்கும் பல் ஒன்று கெட்டால் மூன்று யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் மறுபடி செலவு. இம்பிளான்ட்டுக்கு முதலில் அதிகம் ஆகும், ஆனால் எலும்போடு சேரச் சில மாதம் ஆவதால் பல தடவையாகப் பிரித்துக் கட்டலாம். இரண்டுக்கும் எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள், அதில் எக்ஸ்ரே, தற்காலிகக் கேப், பல்லைக் கட்டி எழுப்பும் செலவு எல்லாம் அடக்கமா, உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிரிக்கும்போது தெரியாத பல்லுக்கு முழு உலோகக் கேப் போதுமா என்றும் கேளுங்கள். நீடித்து உழைக்கும், பல்லையும் குறைவாகச் சீவினால் போதும், பெரும்பாலும் விலையும் குறைவு. பொருளில் இப்படி மிச்சம் பிடிக்கலாம், வேலைத் தரத்தில் பிடிக்கக் கூடாது.

இனி பணம். அவசர நிதி இதற்குத்தான் இருக்கிறது, எடுங்கள். எல்லாவற்றையும் துடைத்துவிடாமல் ஒரு மாதச் செலவையாவது விட்டுவைத்து, பிறகு மாதாமாதம் நிரப்புங்கள். தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன், முழுத் தொகையையும் உடனே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். 10 சதவீதம் குறைப்பார்கள் என்றால், 12 மாத 'வட்டியில்லா' தவணைக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது ஆண்டுக்குச் சுமார் 20 சதவீத வட்டி! தள்ளுபடியும் இல்லை, செயல்முறைக் கட்டணமும் இல்லை என்றால் தவணை நல்லதுதான், ஆனால் ஒரு தவணை தவறினால் முதல் நாளிலிருந்தே வட்டி போடும் திட்டங்களும் உண்டு, அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இதற்காகப் புதிதாகப் பல் காப்பீடு எடுக்க நினைத்தால் அவசரப்படாதீர்கள். பல திட்டங்களில் காத்திருப்புக் காலமும் வருடாந்தர உச்சவரம்பும் இருக்கும், பாலிசிக்கு முன்பே போன பல்லுக்குத் தர மாட்டோம் என்று சொல்வதும் சகஜம்.

கடைசியாக, இரண்டு பல்லின் பாரத்தையும் அந்த ரூட் கெனால் பல் தாங்குமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். தாங்காது என்றாலோ, இம்பிளான்ட்தான் என்று முடிவெடுத்தாலோ, தனிக் கேப் வீணாகாது. அப்போது உங்கள் திட்டப்படியே கேப்பை இப்போது போட்டுக்கொண்டு, இம்பிளான்ட்டுக்கு இந்த மாதத்திலிருந்தே தனியாகச் சேமிக்க ஆரம்பிக்கலாம்.