கிளவுட் சர்வர் யார் பொறுப்பு?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்சாலை நடத்துகிறேன். பில்லிங்கும் ஸ்டாக்கும் மூன்று கிளவுட் சர்வர்களில் ஓடுகின்றன. இரண்டில் உபுண்டு, ஒன்றில் சென்ட்ஓஎஸ் 7 ஆபரேட்டிங் சிஸ்டம். எங்களிடம் சரக்கு எடுக்கும் கம்பெனி, வல்னரபிலிட்டி ஸ்கேன் (பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் சோதனை) ரிப்போர்ட் கேட்டது. எடுத்துப் பார்த்தால் நானூறுக்கு மேல் குறைகள்! மாதாமாதம் வாடகை கட்டுகிறோமே, கிளவுட் நிறுவனம் இதையெல்லாம் பார்க்காதா? எங்கிருந்து ஆரம்பிப்பது? - வாசகி, அம்பத்தூர்

பதில்: பார்க்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் காம்பவுண்டு சுவரும் வாட்ச்மேனும் அசோசியேஷன் பொறுப்பு, வீட்டுப் பூட்டு நம் பொறுப்பு. அதுபோல, கட்டடம், மின்சாரம், வன்பொருள், அதைப் பல சர்வர்களாகப் பிரித்துக் கொடுக்கும் ஹைப்பர்வைசர் வரை அவர்கள் வேலை. அதற்கு மேலே உள்ள உபுண்டு, டேட்டாபேஸ், பில்லிங் மென்பொருள் எல்லாம் உங்களுடையவை.

நானூறு என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரே பழைய நூலகம் (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) மூன்று சர்வரிலும் இருந்தால் மூன்று முறை எண்ணப்படும். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலை மாற்றினாலே ஏராளமான வரிகள் மொத்தமாகக் காணாமல் போகும். தவிர, சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. அதற்கு ஓட்டையை அடைக்கும் வழக்கமான பேட்ச் இனி வராது; கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் கூடிக்கொண்டே போகும். அந்த சர்வரோடு மல்லுக்கட்டாமல் புதியதற்கு மாறும் தேதியைக் குறித்துவிடுங்கள்.

யார் ரிப்போர்ட்டைக் கொடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, சர்வருக்குள் நுழையும் வாசல்களான போர்ட்டுகளை. ஃபயர்வால் விதியில் 0.0.0.0/0 என்று இருந்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்று அர்த்தம். டேட்டாபேஸ் போர்ட்டுகளான மைஎஸ்க்யூஎல் 3306, ரெடிஸ் 6379, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் 3389 இப்படித் திறந்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு நாளைக்கென்று திறந்து, அப்படியே விட்டுவிட்ட போர்ட்டுகளை கிண்டியிலும் பெருங்குடியிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில்தான் அதிகக் கவலை.

அப்புறம், ஓட்டை எவ்வளவு தீவிரம் என்பதை 10-க்கு எத்தனை என்று சொல்லும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசை போடாதீர்கள். உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலை, சிசா என்ற அமெரிக்க அரசு அமைப்பு 2021 நவம்பரிலிருந்து வெளியிடுகிறது. இலவசம்தான். உங்கள் ரிப்போர்ட்டின் சிவிஇ எண்களை (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்) அதில் தேடுங்கள். இணையத்திலிருந்து எட்டக்கூடிய சர்வரில் உள்ள ஒன்று அந்தப் பட்டியலிலும் இருந்தால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

பில்லிங் மென்பொருள் ஜாவாவில் எழுதியதா என்றும் விற்றவரிடம் கேளுங்கள். லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் 2021 டிசம்பரில் வெளிவந்த ஓட்டைக்கு 10-க்கு 10 மதிப்பெண். அந்த நூலகம் மென்பொருளின் உள்ளேயே பொதிந்து வந்திருக்கும். உபுண்டு அப்டேட் அதைத் தொடாது. விற்றவர்தான் திருத்திக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: தொலைவிலிருந்து சர்வரில் லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 8.9 பழையது, ஆபத்தானது என்கிறது ஸ்கேன். உபுண்டு 22.04-ஐ முழுக்க அப்டேட் செய்துவிட்டேன் என்கிறார் சர்வர் பார்க்கும் தம்பி. யாரை நம்ப? - வாசகர், வேளச்சேரி

பதில்: தம்பி சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். 2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்எச்சில் பெரிய ஓட்டை ஒன்று வெளியானபோது, உபுண்டு 22.04 தன் 8.9 பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்துக் கொடுத்தது. 8.9 அப்படியே இருக்கும், பின்னால் வரும் உபுண்டுவின் எண் மட்டும் மாறும். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஸ்கேனுக்கு இது பல நேரம் புரிவதில்லை. சர்வருக்குள் லாகின் செய்து பேக்கேஜ்களைப் படிக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், குழப்பம் தீரும். தம்பியிடமும் ஒன்று கேளுங்கள்: அப்டேட்டுக்குப் பிறகு ரீபூட் செய்தாரா? செய்யாவிட்டால் பழைய கெர்னல்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஸ்கேனுக்காக சர்வருக்குள் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளைப் போட்டால் சர்வர் மெதுவாகுமா? இலவசக் கருவி போதுமா? - வாசகர், குரோம்பேட்டை

பதில்: பெரிய கிளவுட் நிறுவனங்களில் ஏஜென்ட் இல்லாமலே டிஸ்க்கின் நகலை (ஸ்னாப்ஷாட்) எடுத்து, அதைத் தனியாகப் படிக்கும் வசதி இருக்கிறது. சர்வருக்குப் பாரம் கிடையாது, ஆனால் கட்டணம் உண்டு. செலவு செய்ய முடியாதென்றால் ஓபன்வாஸ், ட்ரைவி, லைனிஸ் மூன்றும் இலவசம், நல்ல கருவிகள். ஓபன்வாஸை மட்டும் வேலை நேரத்தில் ஓட்ட வேண்டாம். வாரம் ஒரு முறை இரவில் ஓட்டி, போன வார ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு, புதிதாக வந்த வரிகளை முதலில் பாருங்கள். சர்வரில் நடப்பதைப் பதியும் லாக்குகளை 180 நாளுக்குச் சேமித்து வையுங்கள். யாராவது உள்ளே நுழைந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. அவர்களின் மின்னஞ்சல் முகவரியை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.