சரளைப் பாதையில் பொழுது சாயும்வரை: சைக்கிள் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் நெடுந்தூர மண்பாதை ஓட்டங்களைப் பற்றித்தான். சைக்கிள் பழுது பார்ப்பது என் தொழில். இந்த மாதிரி ஓட்டங்களில் வழியில் உள்ள இரவுநேர செக்பாயிண்ட்டில் உட்கார்ந்து, வந்து சேருபவர்களின் அட்டையில் கையெழுத்துப் போடுவது, தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே கண்ணில் பட்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தார் ரோட்டில் 100 கி.மீ. தூரத்தை நாலரை மணி நேரத்தில் ஓட்டிவிடுவேன். 160 கி.மீ. சரளைப் பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஏழரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்தானே?
(ஒரு வாசகர், வயது 34)

பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தார் ரோட்டுக் கணக்கு. சரளையில் அதே ஆள், அதே உழைப்பு, வேகம் மட்டும் 22லிருந்து 16க்கு இறங்கும். சக்கரம் உருள்வதற்கே கூடுதல் பலம் போகிறது. இறக்கத்திலும் விட்டுப் பிடிக்க முடியாது. 16 கி.மீ. வேகம் என்றால் ஓட்டும் நேரம் மட்டுமே 10 மணி. தண்ணீர் நிரப்ப, காற்றுப் பார்க்க, வழி தவறித் திரும்ப என்று இன்னொரு மணி நேரம் சேர்த்து, பதினொன்று என்று எழுதி வையுங்கள்.

தூரத்தைக் கேட்பதை விட்டுவிட்டு நேரத்தைக் கேளுங்கள். மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், கடைசி அனுமதி நேரம் எப்போது, நடுவில் உள்ள செக்பாயிண்ட்கள் எத்தனை மணிக்கு மூடப்படும், இவைதான் கேட்க வேண்டியவை. பிரெவே என்னும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டங்களில் 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. நீங்கள் சாப்பிட்டாலும் தூங்கினாலும் பஞ்சர் ஒட்டினாலும் கடிகாரம் நிற்காது. 200 கி.மீ.யைப் பதின்மூன்றரையால் வகுத்தால் மணிக்கு 15 கி.மீ.கூட வராது. ரொம்பச் சுலபமாகத் தெரிகிறதா? அங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வேகமாக வருபவர் ஹெல்மெட்டைக் கழற்றி, காலை நீட்டி உட்கார்ந்து, பையைக் கவிழ்த்து எதையோ தேடி, நாற்பது நிமிடம் போக்கிவிடுவார். மெதுவாக வருபவர் கையெழுத்து வாங்கி, பாட்டிலை நிரப்பி, சைக்கிளைச் சாய்த்து வைக்காமலே கிளம்பிவிடுவார். அடுத்த செக்பாயிண்ட்டில் யார் முன்னால் இருப்பார் என்று நான் சொல்லவா வேண்டும்?

பயிற்சிக்கு 160 கி.மீ. முழுவதையும் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. கரடுமுரடான பாதையில் விடாமல் ஆறேழு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், போதும். பசி வரும்வரை காத்திருக்காதீர்கள்; மணிக்கு 60 கிராம் அளவு மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும். வயிறு பழகியவர்கள் 90 வரை போவார்கள். அந்தப் பழக்கத்தையும் பயிற்சியின்போதே செய்துகொள்ளுங்கள். ஓட்டத்தன்று புதிதாக எதையும் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: 45 மி.மீ. டியூப்லெஸ் டயர் போட்டிருக்கிறேன். எடை 70 கிலோ. 60 பி.எஸ்.ஐ. காற்று அடித்தால்தான் சைக்கிள் ஓடும் என்கிறார் நண்பர். சரியா?
(ஒரு கல்லூரி மாணவர்)

தார் ரோட்டில் மெல்லிய டயர் ஓட்டிய காலத்து அறிவுரை அது. சரளையில் கல்லென்று இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் உங்களைத் தூக்கிப் போடும். தூக்கிப் போடுவதும் உங்கள் காலின் உழைப்பிலிருந்துதான் போகிறது. உங்கள் எடைக்கு, பின் டயரில் 30 பி.எஸ்.ஐ. பக்கம் தொடங்குங்கள், முன் டயரில் இரண்டு குறைவாக. ரிம் கல்லில் இடித்தால் ஒன்றிரண்டு ஏற்றுங்கள், கை அதிர்ந்தால் இறக்குங்கள். டயர் மேலும் ரிம் மேலும் எழுதியிருக்கும் வரம்பைத் தாண்டாதீர்கள்.

ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றிய சீலன்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், ஓட்டத்துக்கு முந்தைய வாரம் பார்த்து நிரப்புங்கள். ஓட்டையில் செருகும் பிளக், ஒரு டியூப், பக்கச் சுவர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு, அறுந்த செயினை இணைக்கக் குவிக் லிங்க், இவற்றோடு பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்றையும் எடுத்துப் போங்கள். இந்த ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். பக்கத்தில் ஓட்டுபவரிடம் கடன் வாங்க முடியாது.

கேள்வி: எனக்கு 58 வயது, முழங்கால் பலவீனம். 625 வாட் அவர் மின்சாரம் கொள்ளும் பேட்டரி உள்ள இ-மவுன்டன் பைக் (மிதிக்கும்போது மோட்டார் உதவும் மலைச் சைக்கிள்) வைத்திருக்கிறேன். 120 கி.மீ. தூரம், 1,800 மீட்டர் ஏற்றம் உள்ள ஓட்டத்தில் இ-பைக் பிரிவு இருக்கிறது. பேட்டரி போதுமா? அதைவிட, மோட்டாரில் போவது ஏமாற்று வேலை என்று மகன் கிண்டல் செய்கிறான். என்ன சொல்ல?
(ஒரு வாசகி)

மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சைக்கிள் விளையாட்டின் சர்வதேச அமைப்பான யூ.சி.ஐ. 2019இல் கனடாவின் மான்ட் செயின்ட் ஆனில் இ-மவுன்டன் பைக்குக்கென்று உலகச் சாம்பியன்ஷிப்பே தொடங்கிவிட்டது. மோட்டார் இருப்பது ஏமாற்று அல்ல, ஒளிப்பதுதான் ஏமாற்று. சேறும் தடைகளும் நிறைந்த பாதையில் ஓட்டும் சைக்ளோகிராஸ் போட்டியின் 2016 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒரு வீராங்கனையின் சைக்கிளுக்குள் மறைத்து வைத்த மோட்டார் பிடிபட்டு, ஆறு ஆண்டு தடை விழுந்தது. நீங்கள் அதற்கென்று உள்ள பிரிவில் பெயர் கொடுத்துத்தான் போகிறீர்கள் அம்மா. மகனையும் அதே ஏற்றத்துக்கு அழைத்துப் போங்கள், மிச்சத்தை மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

இப்போது பேட்டரி. விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பாமல், நாமே கணக்குப் போடுவோம். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இயற்பியல்படி 272 வாட் அவர் வேண்டும். பாதியை உங்கள் கால் செய்தால் மோட்டாருக்கு 136. மோட்டார் கொஞ்சத்தைச் சூடாகவே வீணாக்கும் என்பதால் பேட்டரியிலிருந்து 180 போகும். ஆக 1,800 மீட்டருக்குச் சுமார் 320. சரளையில் உருளவும் காற்றைக் கிழிக்கவும் இதே பாதிப் பங்கில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 வாட் அவர். இறக்கத்தில் மோட்டார் வேண்டாம், அதற்கு 30 கி.மீ. கழித்தால் மீதி 90க்கு 360. கூட்டினால் 680. உங்களிடம் இருப்பது 625.

பயப்பட வேண்டாம். சமதளத்தில் உதவியை அணைத்துவிட்டு ஏற்றத்தில் மட்டும் போட்டால் 500க்குள் அடங்கிவிடும். கையிருப்பாக 100 வாட் அவருக்கு மேல் மிஞ்சும், அது கட்டாயம் வேண்டும். பழைய பேட்டரி முழுக் கொள்ளளவைத் தராது, குளிரில் இன்னும் குறையும். எதிர்க்காற்றைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மோட்டாரின் முழு உதவியையும் தரும் டர்போ பொத்தானை அமுக்கிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. முதல் ஏற்றத்தில் எல்லாரையும் முந்திப் போகும் இ-பைக்குகளை மாலையில் என் செக்பாயிண்ட்டுக்குள் உருட்டிக்கொண்டு வருவதை வழக்கமாகப் பார்க்கிறேன். பேட்டரி தீர்ந்த 23 கிலோ சைக்கிளை ஏற்றத்தில் மிதிப்பது உங்கள் முழங்காலுக்கு ஆகவே ஆகாது.

வழியில் சார்ஜ் போடலாமே என்று தோன்றும். வழக்கமான 4 ஆம்பியர் சார்ஜரில் 625 வாட் அவரை நிரப்ப நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 130, 140 ஏறும். அனுமதி நேரத்தில் அந்த ஒரு மணி உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஐரோப்பிய விதிப்படி செய்த சைக்கிளாக இருந்தால் மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் மோட்டார் நின்றுவிடும். சமதளத்தில் வேகமாகப் போகும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தால், உதவியே இல்லாமல் அந்தக் கனத்தைத் தள்ளுவீர்கள்.

வெளிநாட்டு ஓட்டத்துக்குப் போகும் எண்ணம் பிறகு வந்தால் ஒரு விஷயம். பயணிகள் விமானத்தில் 100 வாட் அவர் வரைதான் சாதாரணமாக விடுவார்கள். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் சரக்காகத்தான் போகும். உங்கள் பேட்டரி விமானம் ஏறாது, போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

கேள்வி: ஐந்தாறு மணி நேரம் ஓட்டினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. இரண்டு நாள் வரை சரியாவதில்லை.
(ஒரு வாசகர், வயது 45)

உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியில் ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. தடித்த கையுறை வாங்குவதற்கு முன் டயர் காற்றைக் குறையுங்கள், மேலே மாணவருக்குச் சொன்னதுதான். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் பாரம் முழுவதும் கைக்கு வரும், மட்டமாக்குங்கள். பிடியை அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு நாள் மரத்திருப்பது அதிகம். இவ்வளவும் செய்தும் தொடர்ந்தாலோ, விரலில் பலம் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: டூர் டிவைட் ஓட்டத்தில் நண்பர்கள் காரில் பின்னால் வரலாமா?
(ஒரு வாசகர்)

கூடாது. வெளி உதவியின்றி ஓட்ட வேண்டிய ஓட்டம் இது: கனடாவின் பான்ஃப் ஊரிலிருந்து அமெரிக்க, மெக்சிகோ எல்லையில் உள்ள ஆன்டிலோப் வெல்ஸ் வரை, சுமார் 4,400 கி.மீ. யார் வேண்டுமானாலும் போய் வாங்கக்கூடிய கடையில் வாங்கலாம், விடுதியில் தங்கலாம். உங்களுக்கென்று ஒருவர் கொண்டுவந்து தரும் எதையும் வாங்கக்கூடாது. 2023இல் லாக்லன் மார்ட்டன் 12 நாள் 12 மணி நேரத்தில் முடித்தார். 2016இல் மைக் ஹால் வைத்த 13 நாள் 22 மணி நேரத்தைவிட ஒரு நாளுக்கு மேல் வேகம். ஆனாலும் படமெடுக்கும் குழு கூடவே வந்ததால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. தனியாக இருக்கிறோம் என்பதே அந்த ஓட்டத்தின் பாரம். தெரிந்த முகம் பின்னால் வந்தால், உதவி செய்யாவிட்டாலும் பாரம் குறைந்துவிடுகிறது. எனக்கு இந்த விதி நியாயமாகவே படுகிறது.

கேள்வி: வழியில் சேறு வந்தால் ஓட்டுவதா, தள்ளுவதா?
(ஒரு வாசகி, வயது 29)

இரண்டும் இல்லை, தூக்குங்கள். அமெரிக்காவின் கான்சஸில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் ஓட்டத்தில் 2023இல் தொடக்கத்திலேயே களிமண் சேறு வந்தது. வம்பாக மிதித்தவர்களில் பலருக்கு ஹேங்கரும் கியரும் முறிந்து, 320 கி.மீ. ஓட்டம் அங்கேயே முடிந்தது. சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு சேரும், தள்ளினாலும் அதேதான். புல் ஓரமாகத் தோளில் சுமந்து நடங்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் சுரண்டுவதற்குப் பெயிண்ட் கலக்கும் குச்சியை ஜெர்சிப் பையில் செருகிக்கொண்டு போகிறார்கள். எடையே இல்லாத சாமான், நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவு முழுவதும் ஓட்டும்போது தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது?
(ஒரு வாசகர், வயது 40)

சமாளிக்காதீர்கள், தூங்குங்கள். பாதை நேராக இருக்கும்போதே சைக்கிள் ஓரத்துக்கு இழுக்கத் தொடங்கினால் இறங்கிவிட வேண்டியதுதான். இருபது நிமிடம் போதும், விடியும்வரை ஓட்டலாம். பாதையை விட்டு நன்றாகத் தள்ளிப் படுங்கள், பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏற்றிவிடக்கூடாது. விளக்குக்கு, சக்கர அச்சிலேயே மின்சாரம் தயாரிக்கும் டைனமோ ஹப் இருந்தால் நல்லது, சக்கரம் சுற்றும்வரை 3 வாட் வந்துகொண்டே இருக்கும். அப்புறம், அலாரம் வைத்த போனைப் பையின் அடியில் போடாமல் காதுப் பக்கம் வையுங்கள். செக்பாயிண்ட் மூடிய பிறகு நிம்மதியாகத் தூங்கி எழுந்து வருபவர்களுக்குக் கையெழுத்துப் போட எனக்கு அனுமதி இல்லை.