கோடையில் கொல்லைப்புறம்: சுரைப்பந்தலும் மாலைப் பூக்களும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் பர்மாவில் பெகு (பாகோ) நகரை அடுத்த ஊரில் வசிக்கிறோம். வீட்டின் பின்புறம் 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கொல்லை இருக்கிறது. கைப்பம்பில் தண்ணீரும் உண்டு. பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். தகரம் வேய்ந்த வீட்டுக்குள்ளும் இருக்க முடியவில்லை, கொல்லையிலும் நிற்க முடியவில்லை. சென்ற கோடையில் சுரையும் பாகலும் போட்டேன். கொடி ஓடிப் பூத்தும் பிஞ்சு நிற்கவில்லை. மண் பாளம் பாளமாக வெடிக்கிறது. மாமரத்தடி மல்லிகை தழைக்கிறதே தவிரப் பூப்பதில்லை. இந்தக் கோடையிலாவது பிள்ளைகளோடு கொல்லையில் அமர்ந்திருக்கவும், வீட்டுக்குக் கொஞ்சம் காய் கிடைக்கவும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: அம்மா, நீங்கள் நிழலையும் காயையும் இரண்டு தேவைகளாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கொல்லை அளவுக்கு இவ்விரண்டையும் ஒரே சுரைப்பந்தல் கொடுத்துவிடும். ஆகவே மற்றப் பயிர்களைப் பற்றி யோசிப்பதற்கு முன்பாகப் பந்தலை முடித்துவிடுங்கள். பெகு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 17 டிகிரியைச் சற்றுத் தாண்டி அமைந்திருப்பதால், மே மாதம் 10-ஆம் நாளை ஒட்டி நண்பகல் கதிரவன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நாள்களில் சுவரோ வேலியோ நடுப்பகலில் நிழல் தராது. தலைக்கு மேலே படர்ந்த ஒன்றுதான் தரும். பிற்பகல் வெயிலோ மேற்குச் சுவரைச் சுட்டு, இரவிலும் வீட்டைப் புழுங்க வைக்கிறது. எனவே பந்தலை வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டிப் போட இடமிருந்தால் கொல்லையோடு வீடும் குளிரும்.

மூங்கில் கால் நட்டு, 10 அடிக்கு 8 அடி அளவில், ஆள் நிமிர்ந்து நடக்க 7 அடி உயரத்தில் பந்தல் போடுங்கள். இன்று விதைத்தாலும் கொடி மேலேறிப் படர ஐந்தாறு வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை கூரைக்கு விற்கும், இங்கே ‘தனி’ எனப்படும் நிப்பா பனை ஓலையை மேலே இடைவெளி விட்டுப் பரப்பி வையுங்கள். கொடி ஏற ஏற ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். அடுத்த ஆண்டு தை மாதக் கடைசியிலேயே விதைத்துவிட்டால், திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் பிறப்பும் வரும்போது பந்தல் நிறைந்து நிற்கும்.

மண் வெடிப்பது உங்கள் குறையன்று. ஆற்று வண்டல் களிமண்ணின் இயல்பு அது; மேல்மண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், வெடிப்பின் வழியே அடியிலுள்ள ஈரமும் போய்விடும். பந்தலின் இரு பக்கத்திலும் ஒன்றரை அடி ஆழத்தில் பக்கத்துக்கு ஒரு குழி எடுத்து, மட்கிய சாணமும் மேல்மண்ணும் சரிபாதியாகக் கலந்து, அதில் இரண்டு கூடை உமியும் சேர்த்து நிரப்புங்கள். நிரப்பும்போதே குழியின் நடுவில் ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்துவிடுங்கள். யாங்கோன் பக்கத்துத் துவாந்தே ஊரில் செய்துவரும் மெருகிடாத தண்ணீர்ப் பானை மிகவும் பொருத்தம். மெருகிட்ட பானையில் நீர் கசியாது. பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, ஓர் இரவு ஊறிய சுரை விதைகளை நான்கைந்து ஊன்றி, முளைத்த பின் நன்றாக இருக்கும் இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். பானையிலிருந்து கசியும் நீரை வேர் தானாகத் தேடிப் போய்க் குடிக்கும். கொடி பெரிதான பிறகு, பானையை நிரப்புவதோடு இரண்டு நாளுக்கு ஒரு முறை குழிக்கு இரண்டு வாளித் தண்ணீரும் அதிகாலையில் ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதால் வேர் மேலேயே நின்று வெயிலில் வாடுகிறது. குழியின் மேல் வைக்கோலை மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் வெடிப்பு நிற்கும்.

பானையின் வாயை ஓட்டுத் துண்டையோ தட்டையான கல்லையோ வைத்து இடுக்கில்லாமல் மூட வேண்டும். டெங்கு பரப்பும் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். பூந்தொட்டித் தட்டுகளையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள்.

பிஞ்சு நிற்காத காரணத்துக்கு வருகிறேன். வெப்பம் மிகுந்து பகலும் நீளும்போது சுரையும் பாகலும் ஆண் பூக்களையே அதிகமாகத் தள்ளும். யூரியா அதிகமானாலும் அப்படியே. நீங்கள் பார்த்து வருந்திய உதிர்வில் பெரும்பகுதி ஆண் பூக்களாகவே இருக்கும், அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் சுனை போர்த்த சின்னஞ்சிறு சுரைக்காய் உருவம் இருக்கும், ஆண் பூவுக்கு நீண்ட காம்பு மட்டுமே இருக்கும். சுரையில் பெண் பூ பெரும்பாலும் பக்கக் கிளைகளில் வருவதால், தலைக்கொடி பந்தலைத் தொட்டவுடன் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளிய கொடி கிளைத்துப் பெண் பூவைக் கூட்டுவதோடு, உங்களுக்கு வேண்டிய அடர்ந்த நிழலையும் தரும். யூரியாவை நிறுத்திவிட்டு, மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்கு நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றினால் போதும்.

இனி உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பேரப்பிள்ளைகள். சுரையின் வெள்ளைப் பூ பகலில் மலர்வதில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் இதழ் விரிக்கிறது, அதைத் தேடி வருவது அந்திப்பூச்சிகள். பூச்சி வராத கொல்லையில் அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். வெயில் தணிந்து பாயை விரித்து நீங்கள் உட்காரும் நேரமும் பூ விரியும் நேரமும் ஒன்றாக அமைவது இப்பயிரின் நல்ல குணம். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தொட்டுத் தடவினால் போதும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்கு வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு கிளை என்று பிரித்துக் கொடுத்து, தொட்ட பூவின் காம்பில் ஆளுக்கொரு நிற நூலைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். மூன்று நான்கு நாளில் பிஞ்சு பருக்கிறதா, மஞ்சளித்து உதிர்கிறதா என்று அவர்களே ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். பீர்க்கங்கொடி ஒன்று சேர்த்து ஏற்றினால் அதன் மஞ்சள் பூவும் மாலையிலேயே விரியும். பாகல் மட்டும் காலையில் மலர்வதால் அதற்குக் காலை எழுந்தவுடன் போக வேண்டும்.

பிள்ளைகள் அடியில் உட்காரும் பந்தலுக்குப் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம். காய் ஈ குத்தாமலிருக்க, பிஞ்சு விரல் நீளம் வந்ததும் செய்தித்தாள் பை போட்டுக் கட்டுங்கள். குத்துப்பட்டு விழுந்ததை அன்றன்றே பொறுக்கி ஓர் அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெகுப் பக்கம் கண்ணாடி விரியன் மிகுந்த வயல்நாடு என்பது உங்களுக்குத் தெரியும். வைக்கோல் போரையும் விறகையும் உட்காரும் இடத்தருகே குவிக்காதீர்கள், சிந்திய நெல்லும் சோறும் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். பந்தலடித் தரையைச் செடியின்றிப் பெருக்கி வைத்து, இருட்டினால் செருப்பும் டார்ச் விளக்கும் இல்லாமல் பிள்ளைகளைக் கொல்லையில் விடாதீர்கள்.

மீதியிடத்தில் வெண்டையும் புளிச்சக்கீரையும் வெயிலைத் தாங்கும். தண்டுக்கீரையைப் பந்தலின் கிழக்கு ஓரத்தில் விதைத்தால் 25 நாளில் பறிக்கலாம். தக்காளியும் கொத்தமல்லியும் இப்போது வேண்டாம். இரவும் வெம்மையாக இருக்கும்போது தக்காளிப் பூ காய் பிடிக்காது, கொத்தமல்லி தழைக்காமல் பூவெடுத்துவிடும்.

மல்லிகை பூக்காததற்கு மாமர நிழலே காரணம். அதற்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். ஆனால் இந்த வெயிலில் அதைப் பெயர்த்தால் செத்துவிடும். இப்போதைக்கு அதன் மேல் கவிந்த மாங்கிளையை மட்டும், காய்ப்பு முடிந்த பிறகு வெட்டிவிடுங்கள். ஆனி மாதம் மழை பிடித்தவுடன், தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து மண்ணில் பதியம் போட்டு, வேர்விட்ட பின் வெட்டியெடுத்துக் கைப்பம்புக்குத் தெற்கே வெயில்படும் மேட்டில் நடுங்கள். மே நடுவில் முதல் மழை விழுவதற்கு முன்பே குழிகளைச் சுற்றி ஒரு சாண் உயர மேடு கட்டி வாய்க்கால் வெட்டி, பரப்பிய வைக்கோலையும் அள்ளிவிடுங்கள். நீர் தேங்கினால் சுரை வேர் அழுகும், ஈர வைக்கோலில் நத்தை அடையும்.