வாட்டை மட்டும் பார்த்தால் போதாது, வயரையும் பாருங்கள்

கணினிக் கேள்வி பதில்

கேள்வி: மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு, சேர்த்த காசில் சொந்தமாகக் கணினி கட்டுகிறான். ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு. மேசையில் இடமில்லை என்று சின்ன கேஸ் (கணினியின் வெளிக்கூடு) வாங்கியிருக்கிறான். பவர் சப்ளைதான் பாக்கி. கடையில் 1000 வாட் எடுக்கச் சொல்கிறார்கள். அவன் நண்பனோ பழைய 650 வாட் ஒன்றைச் சும்மா தருகிறேன் என்கிறான், கூடவே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வயர்களும். எது சரி? 1000 வாட் போட்டால் மின்கட்டணம் ஏறுமா? (வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: கட்டணத்தில் தொடங்குகிறேன் அம்மா, உங்கள் கவலை அதுதான் என்று தெரிகிறது. ஏறாது. பவர் சப்ளை என்பது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. 1000 வாட் என்பது அந்தப் பெட்டியால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. கணினி கேட்பதைத்தான் அது கொடுக்கும்.

மகனுடைய கணினி எவ்வளவு கேட்கும்? கிராபிக்ஸ் கார்டுக்கு 200 வாட். பிராசசரில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 88 வரை போகும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 60 வையுங்கள். மொத்தம் 350க்குள் அடங்கிவிடும். இந்தக் கார்டுக்கு, அதன் சிப்பை வடிவமைத்த என்விடியா நிறுவனம் பரிந்துரைப்பதே 650 வாட்தான். கிராபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும், அதற்காகத்தான் அந்த இடைவெளி. பின்னாளில் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 750 எடுக்கட்டும். 1000 வாட் வாங்குவது நாலு பேர் சாப்பாட்டுக்கு அண்டா வாங்குகிற கதை.

காசை வாட்டில் போடுவதைவிடத் தரத்தில் போடலாம். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதுதான் திறன். அதைச் சொல்லும 80 பிளஸ் முத்திரையில் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்று படிகள் உண்டு. நம் ஊர் 230 வோல்ட்டில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 88 விழுக்காடும் கோல்டு 92 விழுக்காடும் திறன் காட்ட வேண்டும். 350 வாட்டுக்குக் கணக்கிட்டால் சுவரிலிருந்து எடுப்பதில் 17 வாட் சொச்சம் வித்தியாசம். தினம் நான்கு மணி நேரம் விளையாடினால், யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டாலும், வருடத்துக்குச் சுமார் 8 வெள்ளிதான் மிச்சம். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த 17 வாட்டும் சூடாக அறைக்குள்தான் இறங்கும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிற பிள்ளைக்கு அது கொஞ்சமாவது தெரியும். இந்த முத்திரை திறனை மட்டும்தான் சொல்லும், பெட்டி எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லாது. அதற்கு உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்குக் குறைந்ததை நான் வாங்கமாட்டேன்.

வாட் கணக்கு சுலபம். மாட்டிக்கொள்வது மற்ற இடங்களில்தான்.

முதலில் கேஸ். வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், 140 அல்லது அதற்கு மேல் ஆழம். சின்ன கேஸ்கள் பலவற்றில் எஸ்எஃப்எக்ஸ் என்ற குட்டி அளவுதான் நுழையும்: 125 அகலம், 63.5 உயரம், 100 ஆழம். உங்கள் மகன் வாங்கிய கேஸ் அந்த ரகம் என்றால் நண்பனுடைய பெட்டி உள்ளேயே போகாது, பேச்சு அங்கேயே முடிந்தது. எஸ்எஃப்எக்ஸ் விலை கூடுதல் என்பதை மேசையில் இடம் மிச்சம் பிடிப்பவர்கள் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்து கனெக்டர்கள். மதர்போர்டுக்கு 24 பின். பிராசசருக்கு 8 பின், நாலும் நாலுமாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கும் 8 பின்தான், ஆனால் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். துளைகளின் வடிவம் வேறு என்பதால் ஒன்றை மற்றதில் செருக முடியாது. அது தெரியாமல் கட்டை விரலால் அமுக்குகிறவர்களும் உண்டு. போகவில்லை என்றால் அது அந்த இடம் இல்லை என்று அர்த்தம். ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுகளில் சில ஒரே ஒரு 8 பின்னோடு வருகின்றன, சில புதிய 16 பின் கனெக்டரோடு. கார்டின் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளை வாங்கட்டும். 16 பின்னாக இருந்தால் கிளிக் என்று உட்காரும்வரை தள்ள வேண்டும். அரைகுறையாக நின்றால் உருகும்.

இப்போது அந்தப் பிளாஸ்டிக் பை. உங்கள் கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்தியது அதுதான். கழற்றி மாட்டும் கேபிள்களில் கணினிப் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்த ஓட்டையில் எந்த மின்னழுத்தம் என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் இஷ்டம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். வேறொரு பெட்டியின் கேபிள் அழகாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். எஸ்எஸ்டி செத்துவிடும், அதில் இருந்த படங்களும் சேர்ந்து. பையில் இருப்பவை அந்தப் பெட்டியோடு வந்தவைதான் என்று நண்பன் அடித்துச் சொன்னால் ஒழிய ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். நம் வெக்கையில் பல வருடம் ஓடிய பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்களும் தளர்ந்திருக்கும். நண்பனுக்கு நன்றி சொல்லிவிட்டு, கேஸுக்குப் பொருந்தும் அளவில் கோல்டு தரத்தில் 650 வாட் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: துவாஸில் வேலை பார்க்கிறேன். இங்கே கட்டிய கணினியை அடுத்த மாதம் புதுக்கோட்டைக்கு எடுத்துப் போகிறேன். பவர் சப்ளை அங்கே வேலை செய்யுமா? (வாசகர், துவாஸ்)

பதில்: செய்யும் தம்பி. இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பின்னால் செருகும் மின்கம்பியை மட்டும் அங்கே உருண்டை முனை பிளக் உள்ளதாக வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் பிளக்கை வெட்டி ஒட்ட வேண்டாம்.

எர்த் விஷயத்தில் கவனம் வேண்டும். ஊரில் சில வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவதன் பின்னால் கம்பியே இருக்காது. அப்படியானால் கேஸின் இரும்பைத் தொட்டதும் விரலில் சுருசுருவென்று இருக்கும். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள் எர்த்துக்கு அனுப்ப வேண்டிய கசிவு, போக வழியின்றி கேஸிலேயே நிற்பதுதான் காரணம். பெட்டி பழுதில்லை, வீட்டு வயரிங்தான் பழுது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் என்ற நிலைக்கு மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் கணினி அணைந்துவிடும். புதிதாக வாங்குவதாக இருந்தால், சுவர் மின்சாரம் போலவே சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் வகையைக் கேளுங்கள். விமானத்தில் ஏற்றும் முன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிக்கொள்ளுங்கள். கனத்த கார்டு மதர்போர்டு சாக்கெட்டைப் பெயர்த்துவிடும்.

கேள்வி: புது பவர் சப்ளையின் விசிறி சுற்றவே இல்லை. கணினி நன்றாக ஓடுகிறது. திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: அவசரப்பட வேண்டாம். சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்தி வைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. பின்பக்கம் அதற்கென்று ஒரு பொத்தானும் இருக்கலாம். கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். அப்போதும் சுற்றாமல் பெட்டி கொதித்தால் ரசீதோடு கடைக்குப் போங்கள். மூடியைத் திறந்து விசிறியைத் தட்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் உதறி எறியும். திறந்தால் உத்தரவாதமும் போய்விடும்.