இலவச கேமுக்கு மாதம் 7,800 ரூபா

கேள்வி: உப்புவெளியில் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறேன். இரவு மெஷினை மூடிய பிறகு போனில் ஒரு சொலிட்டயர் கேம் விளையாடுவேன். கடதாசி ஆட்டத்தில் வென்றால் ஒரு பழைய வீட்டுக்குத் திரைச்சீலை, கதிரை, பூந்தோட்டம் என்று வைத்து அழகாக்கலாம். கேம் இலவசம்தான். ஆனால் போன மாதக் கடனட்டைக் கணக்கறிக்கையைப் பார்த்தால் அதற்கு மட்டும் 7,800 ரூபா போயிருக்கிறது. அட்டையில் 64,000 ரூபா நிலுவை, வட்டி 26 வீதம். மாதம் குறைந்தபட்சத் தொகையான 3,200 ரூபாவை மட்டும் கட்டுகிறேன். குசினிக்கு டைல்ஸ் போட 5,000 ரூபா சீட்டும் பிடித்திருக்கிறேன். "போனில இருக்கிற வீட்டுக்கு டைல்ஸ் போட்டாச்சு, எங்கட குசினிக்கு எப்ப?" என்கிறார் கணவர். கேமை அழித்துவிடத்தான் வேண்டுமா?

பதில்: அழிக்க வேண்டாம். கணவரின் பகிடியையும் பெரிதாக எடுக்க வேண்டாம். நாள் முழுக்க மற்றவர்களின் அளவுக்குத் தைத்துவிட்டு, இரவில் தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு திரைச்சீலை தெரிவு செய்வதில் என்ன குறை? 7க்கு மேல் 8, அதற்கு மேல் 9, திரும்ப 8 என்று கடதாசி தொடர்ந்து விழும்போது வருகிற சந்தோஷம் எனக்கும் தெரியும்.

ஆனால் இந்த வகை கேம்கள் எந்த நேரத்தில் காசு கேட்கின்றன என்று கவனியுங்கள். தொடக்கத்தில் ஆட்டம் சுலபம், நாணயங்களும் தாராளம். போகப் போக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே நுழையவே கூடுதல் நாணயம் கட்ட வேண்டிவரும். அப்புறம் ஒருநாள் மேசையில் இரண்டே கடதாசி மிச்சம், கையில் இருந்த கட்டு முடிந்துவிட்டது. சரியாக அப்போதுதான் "இன்னும் ஐந்து கடதாசி வேண்டுமா?" என்று கேட்கும். அதிலும் வெல்லாவிட்டால் அடுத்த ஐந்துக்கு விலை இன்னும் கூடும். நீங்கள் வென்ற நாணயத்தையே ஓர் உண்டியலில் போட்டுப் பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்பதும் உண்டு. இது மட்டும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. வீட்டில் 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடும்போது கடதாசி போடுபவர் உங்களுக்கு எதையும் விற்பதில்லை. இங்கே போடுவதும் விற்பதும் ஒரே ஆள்.

விலையும் நாணயத்தில் சொல்லப்படுகிறது, நாணயத்தின் விலை டொலரை ஒட்டி வைக்கப்படுவதும் உண்டு. ரூபாக் கணக்கு மனதில் நிற்பதே இல்லை. 0.99 டொலர் என்பது 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபா, அந்த வருடமே அது 300ஐத் தாண்டிவிட்டது. உங்கள் 7,800 ரூபா அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 25 சின்னச் சின்ன 'சரி போகட்டும்'கள்தான்.

எனக்குக் கேமைவிடப் பெரிய கவலை அந்த 64,000 ரூபா. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்களுக்குப் பொதுவாக வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதில்லை. புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அதாவது அந்த ஐந்து கடதாசியை 26 வீதக் கடனில் வாங்குகிறீர்கள். நிலுவைக்கான வட்டியே மாதம் 1,380 ரூபா அளவில் வரும். கட்டுகிற 3,200 ரூபாவில் பாதிக்குக் கிட்ட அதிலேயே போய்விடுகிறது.

இந்த மாதத்திலிருந்து 3,200 ரூபாவோடு, கேமுக்குப் போகும் 7,800 ரூபாவில் 7,000 ரூபாவைச் சேர்த்து 10,200 ரூபாவாகக் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை இறங்கினாலும் நீங்கள் இறக்க வேண்டாம். அட்டையில் வேறெதுவும் வாங்காவிட்டால் ஏழாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். சீட்டைத் தொடாதீர்கள், இடையில் நிறுத்தினால் கூட இருப்பவர்களுக்குத்தான் சிக்கல்.

மீதி 800 ரூபாவை கேமுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூகுள் பிளேயிலிருந்து கடனட்டையை நீக்கிவிட வேண்டும். அங்கே மாத வரவுசெலவு எல்லை வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது எச்சரிக்குமே தவிர வாங்குவதைத் தடுக்காது. சின்னத் தொகை மட்டும் போட்டு வைத்த ஒரு கணக்கின் டெபிட் அட்டை போதும். முடிந்தால் முடிந்ததுதான். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்தால், இரவு பதினொரு மணிக்கு விரல் கொஞ்சம் யோசிக்கும்.

விளம்பரம்தான் தொல்லை என்றால், ஒரே தடவை கட்டி அதை நிறுத்தும் வசதி சில கேம்களில் உண்டு. விலை முன்கூட்டியே தெரிவதால் அதற்கு எனக்கு எதிர்ப்பில்லை. அந்த வீடியோக்கள் உங்கள் டேட்டாவையும் தின்கின்றன.

இன்னொன்று, மாதச் சந்தா ஏதும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போனிலிருந்து கேமை அழித்தாலும் சந்தா நிற்காது, கூகுள் பிளேயின் சந்தாப் பகுதியில் போய் ரத்துச் செய்ய வேண்டும். கடந்த 48 மணித்தியாலத்துக்குள் வாங்கியது இருந்தால் கூகுள் பிளேயிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை, கேட்பதற்குச் செலவும் இல்லை.