பெட்ஷீட்டில் பூ வரைய நாலு வருஷப் படிப்பா?

வணக்கம் அம்மா.

"பெட்ஷீட்டில் பூ வரைய நாலு வருஷப் படிப்பா?" என்று, மகளின் டெக்ஸ்டைல் டிசைன் (துணிக்கு டிசைன் போடும்) படிப்பு ஆசையைப் பற்றி உங்கள் கொழுந்தனார் கேட்டதையும், என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நீங்கள் பேச்சை மாற்றியதையும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்டதில் தப்பில்லை. நாமக்கல்லில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கரூர். அங்கிருந்து ஏற்றுமதியாகும் மேஜை விரிப்பு, நாப்கின், ஏப்ரன், திரைச்சீலை எல்லாவற்றிலும் இருக்கும் பூவையோ கட்டத்தையோ யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அந்த ஆளை நாம் யாரும் பார்த்ததில்லை. கண்ணில் படாத வேலையை ஒரு வேலை என்று நம்புவது கஷ்டம்தான்.

மகள் வரைந்த படங்களையும் அனுப்பி, "இது தேறுமா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். கை நன்றாக ஓடுகிறது. ஆனால் துணிக்கு டிசைன் போடும் வேலையில் அது பாதிக் கேள்விக்குத்தான் பதில். ஒரே செம்பருத்தியை இருபது விதமாக மாற்றிக் கேட்டால் அவளுக்கு எரிச்சல் வருமா, இல்லை இருபத்தொன்றாவதையும் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுமா? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாளில் வரையும் படத்துக்கு நான்கு ஓரம் உண்டு. துணிக்கு ஓரம் கிடையாது, அது மீட்டர் மீட்டராக ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் வரைந்தது மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தொழிலில் ரிப்பீட் என்பார்கள். ரோட்டரி மெஷினில் துணிக்குப் பிரிண்ட் போடுவது ஓட்டை ஓட்டையான ஒரு நிக்கல் உருளை. அதன் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். ஆக, ரிப்பீட்டின் உயரம் 64 ஆக இருக்கலாம், 32 ஆக இருக்கலாம், 16 ஆக இருக்கலாம். 40 சென்டிமீட்டரில் எவ்வளவு அழகாக வரைந்து கொடுத்தாலும் அந்த உருளையில் ஏறாது. அப்புறம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை. நிறம் ஒன்று கூடினால் செலவும் கூடும். "எட்டு கலரை ஆறாக்கிக் கொடுங்கள், ஆனால் பார்க்க அப்படியே இருக்க வேண்டும்" என்று கேட்பார்கள். எந்த இரண்டை எடுத்துவிட்டால் பூ உயிரோடு இருக்கும் என்று கண்டுபிடிப்பதில்தான் திறமை இருக்கிறது. டிஜிட்டல் பிரிண்டிங்கில் இந்த நிறக் கணக்கு கிடையாது. ஆனால் பெரிய ஆர்டர்களுக்கு இன்னமும் ரோட்டரிதான் மலிவு.

நெசவுக்கு வந்தால் கதையே வேறு. காஞ்சிபுரம் புடவையின் புட்டாவையோ பார்டரையோ முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போடுவார்கள். பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் ஒரு கட்டம். மயிலின் கழுத்து வளைவு அங்கே படிக்கட்டாகிவிடும். அந்தப் படிக்கட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் வளைவாக்கத் தெரிந்தவர்தான் நல்ல டிசைனர். அதன்படி ஜக்கார்டு அட்டை (எந்தப் பாவு நூலைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஓட்டை போட்ட அட்டை) அடிப்பார்கள், இப்போது பல இடங்களில் அதைக் கம்ப்யூட்டரே செய்கிறது. இந்தக் கணக்கெல்லாம் பிடித்துப்போனால் அவளுக்கு இது அருமையான துறை. 'என் கற்பனையைக் கட்டிப்போடுகிறார்கள்' என்று தோன்றினால் ஓவியமோ அனிமேஷனோ பார்க்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், காசு செலவில்லை. ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் மட்டும் எருக்கம்பூவோ அவரைக்கொடியோ எதையாவது வரையட்டும், ஓரத்தைத் தொடக் கூடாது. தாளை நெடுக்கில் இரண்டாக வெட்டி, இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்து ஒட்டட்டும். இப்போது நடுவில் காலி இடம் வரும், அதை நிரப்பட்டும். பிறகு குறுக்கில் வெட்டி, மேல் பாதியையும் கீழ் பாதியையும் அதேபோல் மாற்றி ஒட்டி, மிச்ச இடத்தை நிரப்பட்டும். அவ்வளவுதான், ரிப்பீட் தயார். இதை ஒன்பது ஜெராக்ஸ் எடுத்துத் தரையில் சேர்த்துப் பரப்பி, எட்டி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் முயற்சியில் எங்கேயாவது ஒரு வெள்ளைக் கோடு ஓடும், இல்லை ஒரே ஒரு இலை மட்டும் வரிசை கட்டிக் கண்ணை உறுத்தும். அதைப் பார்த்ததும் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். மறுபடி தாளை எடுத்து உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம். அடுத்து அதையே நான்கு நிறத்துக்குள் அடக்கி, பிறகு அந்த நான்கையும் வேறு நான்காக மாற்றி மூன்று செட் போடட்டும். கம்ப்யூட்டர் இருந்தால் கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் 'டபிள்யூ' பட்டனை அழுத்தினால் வரைய வரைய ரிப்பீட் தெரியும். ஆனால் முதலில் கத்தரிக்கோலும் பசையும்தான். கையால் ஒருமுறை செய்தவர்களுக்குத்தான் திரையில் நடப்பது புரிகிறது.

சரி, வேலை நாள் எப்படி இருக்கும்? ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்தால் வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) அனுப்பும் படங்களையும் நிறங்களையும் வைத்துத்தான் ஆரம்பம். கிறிஸ்துமஸுக்குக் கடைக்குப் போக வேண்டிய மேஜை விரிப்புக்குப் பங்குனி வெயிலில் உட்கார்ந்து பனியும் கலைமானும் வரைய வேண்டியிருக்கும். பார்த்தே இராத கலைமானை நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன அழகாக வரைகிறார்கள் தெரியுமா! மாதிரித் துணி அடித்து வந்ததும் அதை லைட் பாக்ஸில், அதாவது பலவித வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் பெட்டியில், வைத்துப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில் சரியாக இருக்கும் நீலம், கடையின் டியூப் லைட்டில் ஊதாவாகத் தெரியும். திருப்பி அனுப்புவார்கள். நிறம் பிரித்தறிவதில் ஏதாவது சிரமம் உண்டா என்று ஒரு கண் பரிசோதனையும் இப்போதே செய்துவிடுங்கள், சின்ன விஷயம்.

அவள் வரைந்தது லட்சம் வீடுகளுக்குப் போகும், எதிலும் அவள் பெயர் இருக்காது. இது சிலரை வாட்டும். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றும் இல்லை. பின்லாந்தின் மாரிமெக்கோ நிறுவனம் துணியின் கரையிலேயே டிசைன் போட்டவரின் பெயரை அச்சிடுகிறது. மாயா இசோலா அங்கே 1964இல் போட்ட 'உனிக்கோ' பூவை இன்றும் அவர் பெயரோடுதான் விற்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பழக்கம் அரிது. பெயர் வேண்டும் என்றால் அவள் சம்பள வேலைக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒன்றை வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அது நடக்காத காரியம் அல்ல. 1950களில், கைத்தறி, கைவினைகளின் வளர்ச்சிக்கு உழைத்த புபுல் ஜெயகர் முன்னின்று நெசவாளர் சேவை மையங்களைத் தொடங்கியபோது தறிக்கு டிசைன் போட ஓவியர்களை அழைத்தார்கள். பிரபாகர் பர்வே பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்துக்கொண்டேதான் பெயர்பெற்ற ஓவியரானார். ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் டிசைன் பிரிவில் இருந்தவர். பகலில் தறிக்காக யோசித்தது அவர்கள் ஓவியத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் இதற்குத் தினமும் ஏதாவது வரையும் பழக்கம் வேண்டும். நாளெல்லாம் பையருக்கு வரைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பென்சிலைத் தொடவே பிடிக்காத காலமும் வரும். கோலமோ, கோயில் தூணோ, சந்தையில் அடுக்கிய கத்தரிக்காயோ, பையர் கேட்காத ஒன்றை நோட்டில் வரைந்துகொண்டிருந்தவர்கள்தான் அந்தக் காலத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் சில வருடங்களில் மெர்ச்சன்டைசிங் (ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுக்கும் வேலை) பக்கம் போய்விடுகிறார்கள். அது நல்ல வேலைதான், ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

சம்பளம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் கடிதம் முழுக்க அந்தக் கவலை தெரிகிறது. முதல் இரண்டு மூன்று வருடம், சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன அவள் தோழிகளைவிடக் குறைவாகவே வாங்குவாள். இதைச் சொல்லாமல் உங்களை அனுப்புவது நியாயமில்லை. பிறகு ஏறுவது, அவள் மில் பாஷை பேசுகிறாளா என்பதைப் பொறுத்தது. படம் மட்டும் வரையத் தெரிந்தவருக்கும், நிறம் பிரித்து, ரிப்பீட் சரிபார்த்து, பிரிண்டிங் மாஸ்டரிடம் போய் நின்று பேசத் தெரிந்தவருக்கும் சம்பளம் ஒன்றாக இருப்பதில்லை. ஏஐ வந்துவிட்டதே என்றும் கேட்டிருந்தீர்கள். பத்து நொடியில் பூப்படம் வந்துவிடுகிறது, உண்மை. மலிவான, யாருக்கும் நினைவில் நிற்காத பிரிண்ட் வேலைகள் குறையும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 'இந்த இலையை மட்டும் கொஞ்சம் சாய்த்து, ஆறு நிறத்தில், 32 சென்டிமீட்டரில்' என்று கேட்கும்போது அந்தப் படத்தைப் பிரித்து மேய ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

எங்கே படிப்பது? ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பி.டெக் டெக்ஸ்டைல் டெக்னாலஜி வேறு, டெக்ஸ்டைல் டிசைன் வேறு. முன்னது நூல், இயந்திரம், ரசாயனம் எல்லாம் கற்பிக்கும் எஞ்சினியரிங். பலர் இரண்டும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்துவிட்டு விழிக்கிறார்கள். டிசைனுக்கு, தரமணியில் இருக்கும் சென்னை நிஃப்டில் (தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம்) நான்கு வருட பி.டெஸ் (டிசைன் பட்டப்படிப்பு) இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி. நுழைவுத் தேர்வில் வரைதல், பொது அறிவு இரண்டும் உண்டு, கொடுக்கும் பொருட்களை வைத்து ஒன்றை உருவாக்கும் சிச்சுவேஷன் டெஸ்ட்டும் உண்டு. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய என்ஐடியில் (தேசிய டிசைன் நிறுவனம்) இடம் மிகக் குறைவு, போட்டி கடுமை, ஆனால் எழுதிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கட்டணம்தான் பயம் என்றால் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியை மறக்காதீர்கள். 1850இல் தொடங்கிய கல்லூரி, அங்கே பி.எஃப்.ஏ.வில் (கவின்கலைப் பட்டப்படிப்பு) டெக்ஸ்டைல் டிசைன் பிரிவு உண்டு, செலவு நிஃப்டோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. கட்டடத்தின் பகட்டைப் பார்த்து முடிவு செய்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். நெசவு நுட்பத்தில் ஆர்வம் வந்தால் உங்களுக்குப் பக்கத்திலேயே சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அது தொழில்நுட்பப் படிப்பு, டிசைன் அதில் ஒரு பகுதி.

இன்னொன்றை இப்போதே அவள் காதில் போட்டுவிடுங்கள், கல்லூரியில் இதைத் தாமதமாகத்தான் சொல்வார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். தனியாக வரைந்து விற்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் உரிமை கைமாறாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்து வருடம் என்றே கணக்கு. துணி டிசைனில் ஒரு சிக்கலும் உண்டு. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் அச்சிட்டுவிட்டால் பதிப்புரிமை போய்விடும். பதிவு செய்தால் பத்து வருடம், பிறகு நீட்டித்தால் இன்னும் ஐந்து. ஆனால் பதிவுக்கு டிசைன் புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே இன்ஸ்டாகிராமில் போட்டு லைக் வாங்கிவிட்டால் அது புதிதல்ல என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு. விற்க நினைக்கும் டிசைனை முதலில் பூட்டிவைக்கட்டும், பழகுவதற்கு வரைந்ததை எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும்.

இப்போதைக்கு நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நிஃப்ட், என்ஐடி விண்ணப்பங்கள் வழக்கமாக இந்த வருடக் கடைசிக்குள் வந்துவிடும், எஞ்சினியரிங் கவுன்சலிங் அதற்கு வெகுநாள் கழித்துத்தான். இரண்டுக்கும் பதிவு செய்யுங்கள். அரையாண்டு விடுமுறையில் தெரிந்தவர் மூலம் கரூரில் ஒரு யூனிட்டின் டிசைன் அறையிலும், ஈரோட்டில் ஒரு பிரிண்டிங் பட்டறையிலும் அவளை ஒரு நாள் உட்கார வையுங்கள். கொழுந்தனாரையும் கூட அனுப்பினால் நல்லது. திரும்பி வந்ததும், ஒன்பது ஜெராக்ஸ் பரப்பிய தரையை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதலில் போட்டதும் வேண்டும், திருத்தியதும் வேண்டும்.