சோனாய்காயில் சேரலாமா?

தம்பி, டோக்கியோவின் எடோகவாவில் வாடகை வீட்டுக்குக் குடிபுகுந்த மறுவாரமே சோனாய்காய் என்ற தெருச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து மாதம் 300 யென் சந்தா கேட்டார், சேரத்தான் வேண்டுமா என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் இல்லை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து உறுப்பினர் விலகலாம் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றமே 2005-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் சேர்ந்துவிடுங்கள்.

சோனாய்காய் என்றதும் இது என்ன காய் என்று சிரித்தவன்தான் நானும். முதல் வருடம் சேரவில்லை. ஒருநாள் அலுவலக அவசரத்தில் குப்பைப் பையைக் காக்கை வலைக்கு வெளியிலேயே வைத்துவிட்டேன். மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தால், காக்கை கிழித்து இறைத்திருந்த முருங்கைக்காய்ச் சக்கையை எதிர்வீட்டுப் பாட்டி இடுக்கியால் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். யார் வீட்டுக் குப்பை என்று அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அந்த வாரம் துப்புரவு முறை அவருடையது. அன்று மாலையே சந்தா கட்டினேன்.

சேர்ந்ததும் காய்ரான்பான் வரும். தீயணைப்புப் பயிற்சி, சைக்கிள் திருட்டு, திருவிழா என்று அறிவிப்புகளைக் கோத்த அட்டை அது. படித்து, முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கதவுப் பிடியில் மாட்டிவிட்டு ஓடிவராதீர்கள்; மணியடித்துக் கையில் கொடுங்கள். எனக்கு ஜப்பானிய மொழி பாதி வந்தது அந்த வாசல்களில்தான்.

தொல்லையும் உண்டு. ஞாயிறு காலையில் களை பிடுங்கக் கூப்பிடுவார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள் என்பதால் ஏதாவதொரு வருடம் அது உங்கள் தலையில் விழும். அக்கம்பக்கத்தை எட்டிப் பார்க்கும் குணமும் பழையது. 1940-இல் அரசே இந்தச் சங்கங்களை நாடெங்கும் அமைத்து, ரேஷனுக்கும் கண்காணிப்புக்கும் பயன்படுத்தியது. 1947-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கீழ் தடையும் வந்தது; பின்னர் அது நீங்கியது.

ஆனால் அந்த எட்டிப் பார்த்தல் உயிரும் காத்திருக்கிறது. 1995 ஜனவரி 17, அதிகாலை 5.46-க்கு கோபே நிலநடுக்கம். அவாஜி தீவின் ஹொகுடானில் இடிபாடுகளுக்குள் சிக்கிய ஏறத்தாழ 300 பேரை ஊராரும் உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்களும் அன்றைக்கே மீட்டார்கள். எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால், நேராக அங்கேயே தோண்டினார்கள்.

நம் எடோகவாவில் பெரும்பகுதி ஓதம் ஏறும்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலம். 2019-இல் வந்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே 'இங்கே இருக்கக் கூடாது' என்று அச்சிட்டிருந்தார்கள்.

எனவே சேரும்போது வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் கதகனா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அம்மா மூன்று மாத விசாவில் வந்தால் அந்தப் பெரியவரிடம் அழைத்துப்போய் ஒருமுறை காட்டுங்கள். மாடி அறையா, கீழறையா, எங்கே படுப்பார் என்பதையும் சொல்லிவையுங்கள்.